பிரேக் அக்காவும் பயந்தவர்கள் வகுப்பும்

டயர் கடையின் மாடியில் ஒற்றை அறை. அதில் ஒரு மேசை, சில நாற்காலிகள், சாலைக் குறியீடுகள் அச்சடித்த வெளுத்துப்போன ஒரு படம். கீழே, கடைக்குப் பின்னால் சிமெண்டு பூசிய முற்றம்; அங்கே இரண்டு வெள்ளைக் கார்கள். அவ்வளவுதான் அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. முதலாளி என்று ஒருவர் இருந்தார், எப்போதாவது தலையைக் காட்டுவார். மற்றபடி பள்ளி என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் பிரேக் அக்காதான்.

பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு அருகே உட்காருகிற பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் பயிற்றுநர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். ஸ்டீயரிங் கிடையாது, அது மட்டும்தான். அக்கா அந்த பிரேக்கில் கில்லாடி. நாய் குறுக்கே ஓடி வருவதற்கு முன்பே அவளுடைய கால் அங்கே போயிருக்கும். "அக்காவுக்குக் காலிலும் கண் இருக்கு" என்பார்கள். அத்தனை வருடத்தில் அவள் உட்கார்ந்த கார் எதன் மீதும் உரசியதில்லை என்பது அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமையை அவள் ஒன்றும் மூடி வைக்கவில்லை.

கால் எவ்வளவு நிதானமோ, வாய் அவ்வளவு அவசரம். கோபம் மூக்கின் நுனியிலேயே குடியிருந்தது. "கியரை மாத்தச் சொன்னேன், மாவு கிண்டச் சொல்லல" என்பாள். "கண்ணாடி முகம் பார்க்கிறதுக்கு இல்லை, பின்னாடி வர்ற எமனைப் பார்க்கிறதுக்கு" என்பாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டு போனார்கள். சிலர் அழுதுகொண்டும் போனார்கள். அழுதவர்களைப் பற்றி அக்கா அந்த நாட்களில் அதிகம் யோசித்ததில்லை.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை பார்த்தார். சாது. ஒரு வார்த்தை பேசுமுன் அதைத் தேய்த்துத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் பழங்கால வரலாறு சொல்லிக் கொடுப்பவள். அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான். ஆனால் எல்லாரையும் போல அவளும் 'அக்கா' என்றே கூப்பிட்டாள். வகுப்பில் முழங்குகிற அந்தக் குரல் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் எங்கேயோ ஓடி ஒளிந்துகொள்ளும். உள்ளங்கை வியர்த்து வழியும். டெஸ்டில் ஒரு முறை தோற்றாள், மறுபடி தோற்றாள், அதற்கடுத்த முறை அதிகாரி காரில் ஏறும் முன்பே இறங்கிப் போய்விட்டாள்.

ஒரு நாள் காலை, நான்கு சாலைகள் சேரும் ரவுண்டானாவில் டீச்சரின் கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி நின்றது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஒரு சிமெண்டு லாரி, எல்லாம் சேர்ந்து ஹாரனில் கச்சேரி வைக்க ஆரம்பித்தன. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"என்னங்க டீச்சர், சாமி கும்பிடுறீங்களா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ஹாரன் அவங்களோடது. கிளட்ச் என்னோடது. அதைத்தான் சொல்லிக்கிறேன்."

"சொல்லிக்கங்க. ஆனா கண்ணைத் திறந்துட்டுச் சொல்லுங்க."

டீச்சர் கண்ணைத் திறந்தாள். கிளட்ச்சை மெதுவாக விட்டாள். கார் நகர்ந்தது. பஸ் டிரைவர் கடந்து போகும்போது என்னவோ கத்தினார். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்காவுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அவளாக இருந்தால் கண்ணாடியை இறக்கி அந்த ஆளின் பரம்பரையையே விசாரித்திருப்பாள்.

முற்றத்துக்குத் திரும்பி வந்து காரை நிறுத்திய பிறகு அக்கா கேட்டாள்: "அது என்ன, அவங்களோடது, என்னோடதுன்னு?"

டீச்சர் சொன்னாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் கிரேக்க நாட்டில் ஒரு வியாபாரி கப்பல் உடைந்து சரக்கையெல்லாம் பறிகொடுத்தானாம். அப்புறம் அவன் சரக்கைத் தேடிப் போகவில்லை, எப்படி வாழ்வது என்று தேடிப் போனான். ஊர் நடுவே தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். அந்தத் தூண் மண்டபத்தின் கிரேக்கப் பெயராலேயே அங்கே கூடியவர்களை ஸ்டோயிக்குகள் என்று அழைத்தார்கள். பின்னால் அந்த வழியில் ஒரு அடிமையும் நடந்தான், ஒரு பேரரசனும் நடந்தான். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார், இருப்பதில் முழு மனதை வை என்பதுதான் அவர்களுடைய ஆதாரமான பேச்சு.

"இதைச் சொல்றதுக்கு ஒருத்தன் கப்பலைக் கவுக்கணுமா? எங்க வீட்டுக்காரர் கண்ணாடி தேய்ச்சிக்கிட்டே சொல்வாரே" என்று அக்கா சிரித்தாள்.

"சொல்றது சுலபம்க்கா. ரவுண்டானாவுல சொல்லிப் பார்க்கணும்" என்றாள் டீச்சர்.

அடுத்த டெஸ்டில் டீச்சர் தேறினாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அந்தத் தூண் மண்டபத்தையும் கப்பலையும் மறந்தே போனாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அது நடந்தது. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் டீ குடிக்க எதிர்ச்சாரிக் கடைக்குப் போனாள் அக்கா. பாதசாரிகள் கடக்கும் கோட்டில்தான் போனாள். சிக்னலும் அவளுக்குத்தான் விழுந்திருந்தது. ரொட்டிக் கூடைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது. தெருவெல்லாம் ரொட்டி சிதறியது. அக்காவின் வலது கணுக்கால் சக்கரத்துக்கும் நடைபாதை விளிம்புக் கல்லுக்கும் நடுவே மாட்டி நொறுங்கிப் போனது.

வலது கால். பிரேக் மிதிக்கிற கால்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, திருகு முடுக்கி, ஒரு வழியாக எலும்பைக் கூட்டினார்கள். டாக்டர் நல்லவர், பூசி மெழுகவில்லை. "நடப்பீங்கம்மா. கம்பு ஊன்றியாவது நிச்சயம் நடப்பீங்க. ஆனா பாதத்தை மேலயும் கீழயும் அசைக்கிறது பழையபடி வராது" என்றார்.

மாவுக்கட்டுப் பிரித்து, கொஞ்ச நாள் பயிற்சி எடுத்த பிறகு அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி அவளைப் பல வருடமாக அறிந்தவர். ஒரு சோதனைப் பெடலை மிதிக்கச் சொன்னார். அக்கா மிதித்தாள். கால் போய்ச் சேர்ந்தது, ஆனால் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அவசரத்துக்கு மிதிக்க வேண்டிய கால்மா இது. இதை நம்பி இன்னொருத்தர் கையில ஸ்டீயரிங்கைக் கொடுக்க முடியாது. பயிற்றுநர் அனுமதியை நான் நிறுத்தி வைக்கத்தான் வேணும்."

அவர் சொன்னது நியாயம் என்று அக்காவுக்குத் தெரிந்தது. நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அநியாயமாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீட்டில் சன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே யார் கிளட்ச்சைத் தேய்க்கிறார்கள், யார் தப்பான கியரில் மேடு ஏறுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அது அவளுக்கு மேலும் எரிச்சலூட்டியது. சாப்பாட்டில் உப்பில்லை என்றாள். உப்புப் போட்டால் கடல் தண்ணீர் என்றாள். பட்ட காலிலே படும் என்பது போல அந்தக் காலின் கட்டை விரலை அவளே மேசைக் காலில் இடித்துக்கொண்டு, மேசை வாங்கியதற்காகக் கணவரைத் திட்டினாள். அவர் மறுநாள் மேசையைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

அப்போதுதான் அவளுக்கு டீச்சரின் பேச்சு நினைவு வந்தது. என் கையில் இருப்பது எது? சொல்லிப் பார்த்தாள். கையில் கம்புதான் இருந்தது. தூண் மண்டபத்து ஆட்கள் மேலும் கோபம் வந்தது. 'கப்பல்தானே உடைஞ்சுது, கால் உடையலையே' என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாக் கோபத்துக்கும் அடியில் ஒரு பெரிய கோபம் கிடந்தது. அது அந்த ரொட்டிக்காரர் மேல். நாற்பதைத் தாண்டிய மனிதர். பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவர். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசல்வரை வந்து நின்றார். "ஏன் வந்தே? மிச்சக் காலையும் பார்த்துட்டுப் போகவா?" என்று அக்கா போட்ட கூச்சலில் செவிலியர் ஓடி வந்தார்கள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனவர், திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா தினமும் மனதுக்குள் அவரை நிறுத்தி வைத்துத் திட்டினாள். திட்டத் திட்டப் புதுப்புது வார்த்தைகள் வந்தன, நெஞ்சு ஆறவில்லை.

ஒரு பிற்பகல் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சத்தத்தைக் கேட்டே, "யாரோ முதல் கியர்லயே தெரு முழுக்க வந்திருக்காங்க" என்றாள் அக்கா. எட்டிப் பார்த்தால் டீச்சர். காரின் பின்பக்கம் பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

"அதுக்குப் பேர் நிறுத்துறதா? போய் நேராக்கிட்டு வாங்க" என்று சன்னல் வழியாகவே விரட்டினாள். டீச்சர் போய் நேராக்கிவிட்டு வந்தாள். வந்தவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. காலைப் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குது. உங்க தூண் மண்டபத்துக்காரங்க பேச்சு எதுவும் எனக்குப் பலிக்கல டீச்சர். எது என் கையில இருக்குன்னு கேட்டா, அழுகைதான் வருது."

டீச்சர் ஒரு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "போன வருஷம் என் தங்கச்சி போயிட்டா" என்றாள். "நான் வகுப்புல இருபது வருஷமா இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறவ. அன்னைக்கு எனக்கு ஒரு வரிகூட உதவல. தரையில உட்கார்ந்து அழுதேன். அழுகையை அடக்கறதுக்குப் பேர்தான் ஸ்டோயிக்னு பல பேர் நினைக்கிறாங்க. அது தப்புக்கா. வர்ற அழுகை வரட்டும். அது நின்னதும் அடுத்த காரியம்னு ஒண்ணு இருக்குமே, சின்னதா. எனக்கு அன்னைக்கு அது, எழுந்து போய் அவ பிள்ளைங்களுக்குச் சோறு போடறது. அது மட்டும்தான் என்னோடது. போட்டேன்."

அக்கா மடியிலிருந்த கையை நீட்டி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கையை விடுவித்துக்கொள்ளாமலே தொடர்ந்தாள்:

"அவங்களோட பழக்கம் இன்னொண்ணு இருக்கு. கேட்டா அபசகுனமா இருக்கும். ஒரு பொருளையோ ஆளையோ பார்க்கும்போது, இது நாளைக்கு இல்லாம போகலாம்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கிறது. பயப்படறதுக்கு இல்லை. இன்னைக்கு இருக்கேன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு."

"போனதை நினைச்சே நேரம் போதல. இருக்கறதும் போயிடும்னு வேற நினைக்கணுமா?"

"பிடிக்கலைன்னா விட்டுடுங்க. நான் ஒண்ணும் டெஸ்ட் வைக்கப் போறதில்லை" என்று சிரித்தாள் டீச்சர். போகும்போது காரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாமல் தவித்தாள். அக்கா சன்னலிலிருந்தே, "இடது பக்கம் ஒடிங்க... போதும்... நேரா... வாங்க, வாங்க, நிறுத்துங்க" என்று குரல் கொடுத்துத் தெருவை விட்டு அனுப்பி வைத்தாள். கார் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பல மாதத்துக்குப் பிறகு ஒரு வண்டியை ஓட்ட வைத்திருக்கிறாள். அதற்குக் கால் தேவைப்படவே இல்லை.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போல வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து அவளுடைய பாதத்தை அதில் இறக்கினார். கண்ணாடித் தூள் ஏறி நகக்கண்கள் வெளுத்த விரல்கள். அவை கணுக்காலைச் சுற்றி மெதுவாக அழுத்தின. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவர் இதைத் தவறாமல் செய்துகொண்டிருந்தார். அக்கா இதுவரை ஒரு முறைகூட அந்த விரல்களைப் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தாள். டீச்சர் சொன்னதைச் சொல்லிப் பார்க்க வேண்டுமென்று தோன்றியது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன அப்படிப் பார்க்கிறே?"

"நீங்க இல்லாம போயிட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்."

அவர் அந்த வாக்கியத்தை வழக்கம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எப்படி, நல்லா இருந்துச்சா?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ தடுக்கி அழுகையானது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் சுடுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். "சுடல. அப்படியே இருங்க" என்றாள் அவள்.

அதன் பிறகு அவள் ஒரே நாளில் மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. மூக்கு நுனிக் கோபம் வாடகை வீட்டைக் காலி செய்ய மனமில்லாத குடித்தனக்காரர் மாதிரி அவ்வப்போது வந்து நின்றது. ஆனால் காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்னவெல்லாம் நடக்கலாம், யாரெல்லாம் என்ன சொல்லலாம் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளப் பழகினாள். படிக்கட்டில் வலிக்கும். பக்கத்து வீட்டம்மாள் "ஐயோ பாவம்" என்பாள். வலித்தபோதும், "ஐயோ பாவம்" வந்தபோதும், வரும் என்று தெரிந்த பஸ் வந்தது போல இருந்தது. ஏறாமல் விட்டுவிடலாம்.

ஆனால் ரொட்டிக்காரர் மட்டும் மனதைவிட்டு இறங்கவில்லை. ஒரு நாள் அக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள்: அந்த மனிதர் சிவப்பு விளக்கைத் தாண்டியது அவருடையது. அதை இனி யாராலும் மாற்ற முடியாது. தினமும் காலையில் அவரை எழுப்பிக் கூட்டி வந்து திட்டுகிறேனே, அது யாருடையது? பதில் உடனே வந்தது. பிடிக்காத பதில்.

மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. நேருக்கு நேர் ஒரு முறை திட்டிவிட்டால் கணக்குத் தீரும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

அவர் உள்ளே அடுப்பருகே மாவு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். புருவமெல்லாம் மாவு.

"அக்கா" என்றார்.

"ரொட்டி கொண்டுபோகப் போகலையா?" என்றாள் அவள். நினைத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. இதுதான் வந்தது.

"இப்ப போறதில்லைக்கா. வண்டியைத் தொட்டா கை நடுங்குது. சாவியைப் போடுவேன். உங்க சத்தம் காதுல கேக்கும். இறங்கிடுவேன். முதலாளி நல்லவர், உள்வேலை கொடுத்து வச்சிருக்கார்." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு நேரமாயிடுச்சு, கடைக்காரங்க திட்டுவாங்கன்னு... சிக்னலைப் பார்த்தேன். பார்த்துட்டேதான் வந்தேன். பார்க்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா அடுப்பின் சூட்டில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நடுங்கும் கையைப் பார்த்தாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த கை. இத்தனை வருடமாக அவள் பக்கத்து இருக்கையில் எத்தனையோ கைகள் இப்படி நடுங்கியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை அவள் திட்டி அழ வைத்து அனுப்பியிருக்கிறாள்.

"நாளைக்குக் காலையில டயர் கடைக்குப் பின்னாடி வாங்க" என்றாள்.

"எதுக்குக்கா?"

"வாங்கன்னா வாங்க. கையை மட்டும் கழுவிட்டு வாங்க, ஸ்டீயரிங்ல மாவு ஒட்டும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கலை" என்றார் அவர்.

"நானும்தான் இன்னும் முழுசா மன்னிக்கலை. ஆனா நாளைக்கு வகுப்பு இருக்கு" என்றாள் அக்கா.

ரொட்டிக்காரர் வந்தார். அக்கா அவரை முற்றத்தில் நின்ற காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள். சாவியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஓடாத காருக்கு பிரேக் எதற்கு? அனுமதியும் தேவையில்லை. அன்று முழுக்க அவர் செய்த ஒரே வேலை, ஸ்டீயரிங்கின் மேல் கையை வைத்து எடுத்தது. நடுங்கினால் நடுங்கட்டும் என்றாள். "நடுக்கம் உங்களைக் கேட்டு வர்றதில்லை. அதை விடுங்க. கையை எங்க வைக்கணும்கிறது உங்களோடது. வைங்க." அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே வியப்பாக இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் சாவி கைமாறியது. பிறகு என்ஜின் சத்தம். பிறகு முற்றத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் கொஞ்ச தூரம். அதற்கு, பள்ளியின் இன்னொரு பயிற்றுநர் பிரேக் இருக்கும் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். அக்கா பின் இருக்கைக்கு மாறினாள். அவர் பிரேக்கைப் பார்த்துக்கொண்டார், அவள் குரல் கொடுத்தாள். முதலில் அந்தப் பின் இருக்கை அவளுக்கு அவமானமாக இருந்தது. பிறகு, அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் தோள் எப்போது இறுகுகிறது, கழுத்து எப்போது விறைக்கிறது என்பதெல்லாம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதைக் கண்டுகொண்டாள். முன் இருக்கையில் இருந்த நாளெல்லாம் அவள் சாலையைத்தான் பார்த்திருக்கிறாள், ஆளைப் பார்க்கவில்லை.

சாலைக்குக் கிளம்பியபோது ரொட்டிக்காரரே கேட்டார்: "அந்த வழியாவே போகட்டுமாக்கா?" அந்த வழி என்றால் டீக்கடைக்கு எதிரே, விபத்து நடந்த அந்தக் கோடு.

"போங்க" என்றாள் அக்கா, திடமாக.

சிக்னல் நெருங்கியது. சிவப்பு விழுந்தது. அவர் சீராக நிறுத்தினார். மனிதர்கள் கோட்டின் மேல் நடந்து போனார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி, ஒரு தபால்காரர், பையைச் சுமந்த இரண்டு பெண்கள். அப்போதுதான் அக்காவுக்குத் தன் உள்ளங்கை நனைந்திருப்பது தெரிந்தது. பயந்தவருக்கு வகுப்பு எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், அந்த வகுப்பில் தானும் ஒரு மாணவி என்பதை அங்கே தெரிந்துகொண்டாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட அந்தச் சாலையைக் கடக்கவே இல்லை. டீ குடிப்பதையே விட்டிருந்தாள்.

ரொட்டிக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அக்கா, பச்சை விழுந்ததும் ஓரமா நிறுத்தட்டுமா?"

"வேண்டாம்... சரி, நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்தினார். மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சிக்னல் சிவந்தது, பச்சையானது, மறுபடி சிவந்தது. அந்த இன்னொரு பயிற்றுநர் இறங்கிப் போய் மூன்று கண்ணாடித் தம்ளரில் டீ வாங்கி வந்தார். ரொட்டிக்காரர் தன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் சொல்ல வந்து சொல்லாமல் போனது அதுதான்.

அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். சூடாக, அளவான சர்க்கரையோடு இருந்தது. "மன்னிச்சாச்சு" என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. "இப்ப வண்டியை எடுங்க. கண்ணாடி பார்த்து எடுங்க."

ரொட்டிக்காரர் இப்போது பேக்கரியின் வேனை ஓட்டுகிறார். விடியற்காலையில் முதல் ஆளாக ரொட்டி போடுவது அவர்தான். சிக்னலில் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையை நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர் வாய் வழியாகச் செய்தி பரவியது. விபத்துக்குப் பிறகு வண்டியைத் தொடாதவர்கள், டெஸ்டில் தோற்றுத் தோற்று மனம் தளர்ந்தவர்கள், கணவன் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியதிலேயே ஓட்டும் ஆசையைத் தொலைத்த பெண்கள் என்று ஒவ்வொருவராக டயர் கடையின் பின்புறம் வர ஆரம்பித்தார்கள். பயந்தவர்கள் வகுப்பு என்று பெயர் வைத்தது அக்காவேதான். "வேற நல்ல பெயரா வைக்கலாமே" என்றார் முதலாளி. "இதுல என்ன கெட்டுப்போச்சு? வர்றவங்களுக்கு நாம எதுக்கு வந்தோம்னு தெரியணுமில்ல" என்றாள்.

பயிற்றுநர் அனுமதி அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். இரண்டாவது முறை அவள் அதிகாரியிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அவர் குழம்பிப்போனார். அவள் கிண்டல் செய்யவில்லை; தெருவில் போகிறவர்களின் காலைக் காப்பாற்றுகிற வேலையை அவர் ஒழுங்காகச் செய்கிறார் என்பது அவளுக்கு இப்போது வேறு விதமாகப் புரிந்திருந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த அதிகாரியின் மனைவியே வகுப்புக்கு வந்து நின்றாள்.

டீச்சர் அவ்வப்போது வருவாள். வகுப்பு முடிந்ததும் இருவரும் முற்றத்தில் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு நாள் டீச்சர் தயங்கித் தயங்கி, அந்தத் தூண் மண்டபத்து வழி வந்த அடிமைக்கும் கால் ஊனம்தான் என்று சொல்வார்கள் என்றாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஆனா, உங்க கால் உடைஞ்ச நேரத்துல சொன்னா அடிப்பீங்கன்னு பயந்தேன்."

"அடிச்சிருப்பேன்" என்றாள் அக்கா. கொஞ்சம் யோசித்து, "அந்த ஆளுக்கும் குளிர் காலத்துல வலிச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டாள். டீச்சருக்கு அந்தக் கேள்வி இதுவரை தோன்றியதே இல்லை.

போன வாரம் ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுவதும் நெடுந்தூர பஸ் ஓட்டியவர். ஓய்வு பெறச் சில மாதம் இருக்கும்போது ஒரு மழை நாளில் பஸ் வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எந்த வண்டியின் முன் இருக்கையிலும் உட்காருவதில்லை. மகன் கூட்டி வந்து விட்டுப் போனான். பெரிய உருவம். முற்றத்துக் காரின் ஓட்டுநர் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. டயர் கடையின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் என்ன செய்யணும்?" என்றார் அவர் திரும்பாமலே.

"கண்ணாடியை இறக்குங்க. காத்து வரட்டும்."

அவர் கண்ணாடியை இறக்கினார். ஈரக் காற்று உள்ளே வந்தது. அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். தோள் சற்று இறங்கியது.

"இன்னைக்கு இது போதும்" என்றாள் அக்கா.

"இவ்வளவுதானா? நாளைக்கு?"

"நாளைக்கு வண்டி இருந்து, நானும் இருந்து, நீங்களும் இருந்தா வாங்க. சாவி தர்றேன்."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "நான் இருப்பேன்மா" என்று சொல்லிவிட்டு, இறங்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.